மாயாவியின் சட்டைப்பையில் சில்லறை இருந்தால்?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். தேடியது வேறு ஒன்றை. திருமுக்கூடல் வீரராசேந்திரன் கல்வெட்டைப் பற்றிக் கல்லூரிக் காலத்தில் குறிப்பெடுத்த நோட்டு ஒன்று. அது கிடைக்கவில்லை. கிடைத்தது அட்டை கிழிந்து, மூலை அரித்துப்போன நாற்பத்திரண்டு காமிக்ஸ் புத்தகங்கள். முத்து, லயன், ராணி, ரெண்டு திகில். அன்றைக்குக் கல்வெட்டு அம்போ.

ஒன்பதாவது படிக்கும் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மார்வெல் படங்களை வெளியான வரிசையில் ஒருமுறை, கதை நடக்கும் வரிசையில் ஒருமுறை என்று பார்த்து முடித்தவள். ஒரு இரும்புக்கை மாயாவியை எடுத்துப் பத்து பக்கம் புரட்டினாள். பிறகு கேட்டாள்:

"ஏம்ப்பா, கரண்ட்ல கை வெச்சா இவர் மறையறாரு, சரி. சட்டை பேன்ட் எல்லாம் மறையுது. இரும்புக் கை மட்டும் மறையல. அப்போ பெல்ட் பக்கிள்? பாக்கெட்ல இருக்கிற சில்லறை? அதுவும் உலோகம்தானே?"

முப்பத்தைந்து வருஷமாக மாயாவி ரசிகன் நான். பி.இ. வேறு. இந்தக் கேள்வி எனக்கு ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. அந்த வெட்கத்தில் எழுதுவதுதான் இது. கல்வெட்டு படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அங்கேயும் வருவோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இரும்புக்கை மாயாவி சிவகாசிக்காரர் இல்லை. லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் நடத்திய 'வேலியன்ட்' வாராந்தரியில் 1962-ல் 'தி ஸ்டீல் க்ளா' என்று தொடங்கிய தொடர். லூயிஸ் கிராண்டெல் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூட உதவியாளர், விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் அதிக மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்துபோகிறது, கை மட்டும் தெரிகிறது. தமிழில் 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகவே வந்தார். சௌந்தரபாண்டியன் பதிப்பாளர், முல்லை தங்கராசன் ஆசிரியர். அன்றிலிருந்து இன்றுவரை மறுபதிப்பு மேல் மறுபதிப்பு. 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' என்று தலைப்பைச் சொன்னாலே என் வயசுக்காரர்கள் சிலருக்குக் கண் கலங்கும். எனக்கும்தான்.

இனி சில்லறை. ஹெச்.ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் யோக்கியமானவன். அதாவது, அவனை எழுதியவர் யோக்கியமானவர். கிரிஃபின் மறைவான், அவன் சட்டை மறையாது. அதனால் குளிரில் அம்மணமாக அலைய வேண்டும், சாப்பிட்டால் செரிக்கும்வரை வயிற்றில் சோறு தெரியும். சக்திக்கு ஒரு விலை வைத்து, அதைக் கடைசிப் பைசா வரை வசூலிக்கிறார் வெல்ஸ். ஸ்டீல் க்ளாவின் முதல் கதாசிரியர் கென் பல்மர் அறிவியல் புனைகதைக்காரர்தான், வெல்ஸை அறியாதவர் அல்ல. ஆனாலும் சட்டை மறைந்துவிடுகிறது. சிறுவர் பத்திரிகையில் அம்மண ஹீரோ நடமாட முடியாதே.

இது ஓட்டையா என்றால் ஓட்டைதான். ஆனால் நாற்பத்திரண்டையும் இரண்டு ராத்திரியில் மறுபடி படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. நாவலில் மறைந்த மனிதனை எழுதுவது சுலபம். 'அவன் படியேறினான்' என்றால் முடிந்தது. படக்கதையில் மறைந்த மனிதனை எப்படி வரைவது? காலிப் படிக்கட்டை வரைந்துவிட்டு ஓவியர் காசு கேட்க முடியுமா? அங்கேதான் அந்தக் கை. அந்தரத்தில் ஒரு இரும்புக் கை. விரல்கள் விரிந்தால் எச்சரிக்கை, மடங்கினால் கோபம், கதவுப்பிடிமேல் மெதுவாக இறங்கினால் நமக்கு மூச்சு நிற்கும். முகம் இல்லாத ஒரு ஹீரோவின் நடிப்பு முழுவதும் ஐந்து விரலில். 'இரும்பு ஏன் மறையவில்லை' என்பதற்குக் கதையில் நல்ல பதில் கிடையாது. படத்தில் இருக்கிறது: மறைந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. காமிக்ஸ் என்ற வடிவத்துக்கே பிறந்த யோசனை இது, வேறு எந்த வடிவத்திலும் இவ்வளவு வேலை செய்யாது. அதனால்தான் மாயாவியைச் சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபடும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம் அதிகம். கிராஃபிக்ஸில் கை மிதப்பது இன்றைக்கு ஒரு விஷயமா? காகிதத்தில் அது மிதந்தபோது மீதி உடம்பை நாம்தானே வரைந்துகொண்டோம்.

(எங்கள் ஊரில் அந்தக் காலத்துக் கரண்ட் நிலவரத்துக்கு மாயாவி வந்திருந்தால் பாதி நாள் மறையவே முடிந்திருக்காது. அது தனிக் கதை.)

அந்தக் கையை வரைந்தவர் ஜீஸஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்காரர், 1919-ல் பார்சிலோனாவில் பிறந்தவர், 1995-ல் காலமானார். சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு குடும்பமாகவே வரைந்தவர். இந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் மாயாவியை வரைந்தவர் சிவகாசியில் யாரோ ஒரு அண்ணன் என்றுதான் நினைத்திருந்தேன். என்னிடம் இருக்கும் எந்த இதழிலும் பிளாஸ்கோவின் பெயர் இல்லை. சிவகாசியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூலமான லண்டன் வாராந்தரிகளிலேயே எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. 1977-ல் தொடங்கிய '2000 ஏ.டி.' பத்திரிகைதான் அங்கே அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது. ஸ்பானிய, இத்தாலிய ஓவியர்களுக்கு ஏஜென்சி மூலம் லண்டனிலிருந்து வேலை போகும், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, வரைந்த பக்கம் கம்பெனிச் சொத்து. ஐ.டி.க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் எழுதிய நிரல் எந்தெந்த நாட்டில் எவரெவர் பெயரில் ஓடுகிறதோ.

இங்கே ஸ்பைடர் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்பைடர்மேன் இல்லை, அது அமெரிக்காக்காரர். இவர் வலைத் துப்பாக்கி, கூர்க்காது, கறுப்பு உடை, 'குற்றச் சக்கரவர்த்தி' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர். பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு அடியாட்கள், அவர்களை மட்டம் தட்டியபடியே ஹெலிகாரில் பறப்பார். லண்டன் 'லயன்' வாராந்தரியில் 1965-ல் வந்தவர். தமிழில் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் 'எத்தனுக்கு எத்தன்' என்று இறங்கினார். நானும் என் நண்பர்களும் மாயாவி கட்சி, ஸ்பைடர் கட்சி என்று பிரிந்து பாலாற்று மணலில் அடித்துக்கொண்டிருக்கிறோம். நான் மாயாவி கட்சி. ஸ்பைடர் திமிர் பிடித்தவன், அவன் கதையில் லாஜிக் சுத்தமாக இல்லை, பெரியவர்களானதும் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது என் வாதம்.

அந்த லாஜிக் இல்லாத கதைகளில் பெரும்பாலானவற்றை, டெட் கோவன் எழுதிய முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு, எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்.

இது தெரிந்த அன்று ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து 1938-ல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்ற மனிதர். பிற்பாடு வழக்குப் போட்டார், தோற்றார், அவருடைய பெயர் சூப்பர்மேன் புத்தகத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அறுபதுகளின் நடுவில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுவர் வாராந்தரிக்குப் பெயர் போடாமல் எழுதுகிறார். என்ன எழுதுகிறார்? உலகமே தன் காலில் விழவேண்டும் என்று நினைக்கும், தன் பெயரை எல்லோரும் சொல்லவேண்டும் என்று துடிக்கும் ஒரு திருடனை. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால் ஸ்பைடரின் திமிர் வேறு மாதிரிக் கேட்கிறது. சீகல் வேண்டுமென்றே செய்தாரா என்பது என் யூகத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'நான் யார் தெரியுமா' என்று கத்தும் கதாபாத்திரத்தை எழுதியவருக்கு ஒரு பக்கத்தில்கூடப் பெயர் இல்லை. 1975-ல், சூப்பர்மேன் திரைப்படம் தயாராகப்போகும் நேரத்தில், பத்திரிகைகளில் விஷயம் பெரிதான பிறகு, இருவருக்கும் வருஷத்துக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. ஸ்பைடர் கட்சி நண்பனுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டுச் சொன்னேன். "இதுக்காடா எழுப்பினே" என்றான். பிறகு ரொம்ப நேரம் பேசினோம்.

சரி, ஏன் நமக்கு வாய்த்தவர்கள் எல்லாம் பாதிக் கெட்டவர்கள்? மாயாவியும் தொடக்கத்தில் கொள்ளைக்காரன்தான். சக்தி கிடைத்ததும் கிராண்டெல் செய்யும் முதல் காரியம் உலகத்தைக் காப்பது இல்லை, திருடுவது. பிறகுதான் திருந்தி நிழற்படையின் உளவாளி. நான் படித்த வரிசையில் நல்ல மாயாவி முதலில் வந்தார், 'கொள்ளைக்கார மாயாவி' பிறகு. அன்றைக்கு அதை நம்பவே மறுத்தேன், போலி மாயாவி என்றே முடிவு கட்டியிருந்தேன். இன்றைக்கு அந்தக் கெட்ட மாயாவிதான் நம்பும்படி இருக்கிறார். கையை இழந்த, யாரும் மதிக்காத ஒரு உதவியாளனுக்குத் திடீரென்று யார் கண்ணிலும் படாத வசதி கிடைத்தால் என்ன செய்வான்? பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியும். அமெரிக்க சூப்பர்மேன் வானத்திலிருந்து நல்லவராகவே விழுந்தவர். பேட்மேன் கோடீஸ்வரர், அவரும் லயனில் வந்தார், எனக்கு ஒட்டவில்லை. மாயாவிக்கோ மறைய வேண்டுமென்றால் ஒரு பிளக் பாயிண்ட் தேவை. அந்த ஏழ்மை எங்களுக்குப் பிடித்திருந்தது.

பெயர் வைத்த விதத்தையும் சொல்லவேண்டும். 'ஸ்டீல் க்ளா' என்றால் இரும்பு நகம், இரும்புக் கொடுக்கு. ஆயுதத்தின் பெயர். தமிழில் 'இரும்புக்கை மாயாவி' என்றதும் ஆள் ஆகிவிட்டார். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு 'மாயாவி' என்ற சொல்லில் பாதி வில்லன், பாதி வித்தைக்காரன் ரெண்டும் இருக்கிறது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு கதாபாத்திரத்தை நன்றாகப் புரிந்துகொண்ட இடம் இது. பிற்பாடு ராணி காமிக்ஸில், முத்துவில் வேதாளராக இருந்த ஃபேன்டமுக்கே மாயாவி என்று பெயர் சூட்டிவிட்டார்கள். முகமூடி போட்ட அந்த மாயாவிக்கு மறையவே தெரியாது! மாசம் ஒண்ணாந்தேதி, பதினைந்தாம் தேதி ராணி காமிக்ஸ் வரும்போது எங்கள் மாயாவி கட்சியில் உண்டான குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது குறை. வேதாளர் கதையைப் பெரியவனாகிப் படித்தால் நெஞ்சு உறுத்துகிறது. காட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார், குள்ள மனிதர்கள் சுற்றி நின்று காவல் காப்பார்கள், தலைமுறை தலைமுறையாக. ஆர்ச்சி ரோபோவின் தொடக்கக் கதைகளும் அதே காடுதான், பெயரே 'காட்டு ரோபோ'. பாலாற்றங்கரையில் உட்கார்ந்து படித்த கறுத்த பையன்கள் நாங்கள் எல்லோரும் சிம்மாசனத்தில் இருப்பவராகத்தான் எங்களை நினைத்துக்கொண்டோம், குள்ளர்களாக ஒருவனும் நினைத்ததில்லை. பெண்கள் விஷயத்திலும் அப்படியே. லயனின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி', பெண் நாயகி. பதின்வயதைத் தாண்டாத விஜயன் ஆசிரியராகித் தொடங்கிய பத்திரிகை அப்படி ஆரம்பித்தது எவ்வளவு பெரிய துணிச்சல். ஆனால் எங்கள் கும்பலில் மாடஸ்டி கட்சி என்று ஒன்று இருந்ததே இல்லை. என் அக்கா ஒருத்திதான் விரும்பிப் படித்தாள். அவளை நாங்கள் எந்தக் கட்சியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இன்னொரு குறை நம்மைப் பற்றியது. 1972-லிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டெக்ஸ் வில்லர் இத்தாலியிலிருந்து வந்தார், கேப்டன் டைகர் பிரான்சிலிருந்து வந்தார், லார்கோ வின்ச் பெல்ஜியத்திலிருந்து வந்தார். தமிழில் ஒரு ஊரில், தமிழ்ப் பெயரோடு, நாம் கட்சி பிரித்து அடித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு படக்கதை நாயகன் வரவில்லை. எழுத்தில் சுஜாதா செய்தார், 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ என்ற நாய்க்குட்டி ரோபோ இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. சினிமாவில் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) சிவகாசி கௌபாய்களுக்கு ஒரு கும்பிடு, அதைச் சிரித்துக்கொண்டே பார்க்கலாம். மிஷ்கினின் 'முகமூடி' (2012) சீரியஸான முயற்சி, ஆனால் அந்த முகமூடியைக் கழற்றினால் கதைக்கு ஒன்றும் ஆகாது. மாயாவியின் கையைக் கழற்ற முடியுமா? மலையாளத்தில் 'மின்னல் முரளி' (2021) இதைப் புரிந்துகொண்டது. மின்னல் தாக்கிய ஒரு தையல்காரன், அவனுடைய ஊர், அதே மின்னல் தாக்கிய இன்னொரு பாவப்பட்ட மனிதன்.

நம் பங்குக்கு ரசிகர்களான நாம் செய்தது என்ன? மறுபதிப்பு கேட்டோம். மாயாவியை மறுபடி போடுங்கள், சைஸ் மாற்றாமல் போடுங்கள், பழைய அட்டையோடு போடுங்கள். பழைய இதழுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிப் பாலித்தீன் உறையில் போட்டு வைத்தோம். 2012-ல் கம்பேக் ஸ்பெஷலோடு லயன் மறுபடி எழுந்து வந்து வண்ணத்தில் புதிய கதைகளைக் கொண்டுவந்தபோதும், நம்மில் பாதிப்பேர் 'மாயாவி எப்போ?' என்றுதான் கேட்டோம். நானும் கேட்டேன்.

இவ்வளவையும் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். கோர்வைச் சேலைக்கு ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். லீவு நாளில் அந்த ஆள் நான். மடியில் மாயாவி இருக்கும், அப்பா "ம்" என்றால் நாடாவைத் தள்ளவேண்டும். கவனம் தப்பிக் கரை பிசகி வாங்கிய குட்டுகளுக்கு முத்து காமிக்ஸ்தான் பொறுப்பு. அவர் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கையின் படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். அச்சு மோசம், பிளாஸ்கோவின் மெல்லிய நிழல் கோடுகள் சிவகாசித் தாளில் மை அப்பிக் கறுப்பாகிவிட்டன. அப்படியும், "கை பழகினவன் போட்டது. ஒரு கோடு திரும்பப் போடல. யார் இது?" என்றார். சொன்னேன். "புஸ்தகத்துல போட்டிருக்கா?" இல்லை என்றேன். "சேலையில எங்க போடறான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பார்வேட்டை. காஞ்சி வரதர் பழையசீவரம் மலையேறி இறங்கி, பாலாறு தாண்டி எங்கள் ஊருக்கு வருகிற நாள். கூட்டம் வருவதற்கு முன் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு மகளைக் கூட்டிப்போய் அந்தக் கல்வெட்டைக் காட்டினேன். பதினோராம் நூற்றாண்டு, 'வீரசோழன்' என்ற ஆதுலசாலை, பதினைந்து கட்டில். மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன் என்று கல்லில் இருக்கிறது. அவருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதும் இருக்கிறது. சல்லியக் கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் பங்கு. மருத்துவருக்குத்தான் பெயர், மூலிகை கொண்டுவந்தவருக்கு இல்லை. மகள் அதைத்தான் முதலில் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் வரைந்தவர், எழுதியவர் பெயரை எழுத ஆரம்பித்தேன். பிளாஸ்கோ. கென் பல்மர், அவருக்குப் பிறகு டாம் டல்லி. ஸ்பைடருக்கு ரெக் பன், சீகல். மாடஸ்டிக்கு பீட்டர் ஓ'டானல். டெக்ஸ் வில்லருக்கு போனெல்லி, காலெப்பினி. மாயாவியிலேயே எல்லாம் பிளாஸ்கோ இல்லை. 1967 வாக்கில் வந்த சூப்பர் லைப்ரரி பாக்கெட் புத்தகக் கதைகளை வரைந்தது வேறு கைகள். விரல் முட்டியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது.

"பழைய புக்ல எழுதினா ரேட் போயிடும்ப்பா" என்றாள் மகள். போகட்டும் என்றேன். பதினோரு புத்தகங்களுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை.